பன்னிரண்டு தொடைகளும் ஒரு நிழலும்

போன வாரம் உங்கள் பரிசோதனைக் கூடத்தைச் சுற்றிக் காட்டினீர்கள். நன்றி. கறியை வெட்டாமல், குத்தாமல், அதன் உள்ளே இருப்பதைத் திரையில் வண்ண வண்ணமாகப் பார்க்கிறீர்கள். கொழுப்புக்கு ஒரு நிறம், ஈரத்துக்கு ஒரு நிறம், நாள்பட்டதற்கு ஒரு நிறம். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உங்களில் ஒரு தம்பி திரையில் சிவப்பாகத் தெரிந்த திட்டு ஒன்றைக் காட்டி, "சார், இது கெட்டுப்போன கறி" என்று சொல்லும் வரைக்கும் அந்தச் சந்தோஷம் நீடித்தது.

"யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"சிவப்பா இருக்கே சார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சிவப்பு அவரோ அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரோ தேர்ந்தெடுத்த நிறம். அதே திட்டுக்குப் பச்சை வைத்திருந்தால் நல்ல கறி என்று சொல்லியிருப்பாரா? அந்த நேரம் பார்த்து உங்களில் ஒருவர் காபி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டார், தம்பி பிழைத்தார். அன்றைக்குக் கத்த வேண்டியதை இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகத்தான் ஆரம்பிக்கிறேன். போகப் போக எப்படி ஆகும் என்று சொல்ல முடியாது.

எழுபதுகளின் நடுவில் காரைக்காலில் ஒரு கால்நடை மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவனாகச் சேர்ந்தேன். எங்கள் குடும்பம் நெடுங்காட்டில் நெல் போடும் குடும்பம். வாய்க்காலில் தண்ணீர் வருமா வராதா என்று வானத்தையும் மதகையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, மகன் செய்யும் வேலையை வெளியில் சொல்லத் தெரியவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் என் அப்பா, "மாட்டுக்குப் படம் எடுக்கிறான்" என்று சொல்லிவைத்தார். பெண்ணின் மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, "எந்தக் கம்பெனிங்க? யாரு ஹீரோ?" என்று கேட்டார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை.

எங்களிடம் இருந்த எக்ஸ்ரே மெஷின் மனிதர்களுக்கான ஆஸ்பத்திரியில் கழித்துக் கட்டியது. மனிதனுக்கு ஆகாதது மாட்டுக்கு ஆகும் என்று யாரோ முடிவு செய்து அனுப்பியிருந்தார்கள். கரண்டு குறைந்தால் அதன் பலமும் குறையும். எலும்பு என்றால் ஒரே சுண்ணாம்பு வெளுப்பு, சதை என்றால் ஒரே சாம்பல். நடுவில் இருக்கும் நுணுக்கமெல்லாம் நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். பிலிம் புதுச்சேரியிலிருந்து வர வேண்டும். கேட்டால் வராது, கேட்காமல் மறந்துபோனால் தப்பித் தவறி வரும்.

எனக்கு மேலே இருந்தவர் ஒரு பெண் மருத்துவர். பெயரை எழுதினால் இந்த வயதிலும் போன் போட்டுத் திட்டுவார், ஆகையால் டாக்டரம்மா என்றே வைத்துக்கொள்வோம். அவர் பொறுமை எல்லாம் மாடுகளுக்கு மட்டும். மாட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அதில் பங்கு கிடையாது. எனக்குத் தெரிந்த கொஞ்ச நஞ்சத்தை அவரிடம் திட்டு வாங்கித்தான் தெரிந்துகொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை வேளை. மருத்துவமனை வாசலில் ஒரு டிரைசைக்கிள் வந்து நின்றது. கறிக்கடை சவரிமுத்து இறங்கினார். வண்டியில் ஈரச் சாக்குக்கு அடியில் ஐஸ், ஐஸுக்கு நடுவே ஆட்டுத் தொடைகள், பன்னிரண்டு. ஐஸை விடியற்காலையில் கிளிஞ்சல்மேட்டுப் படகுக்காரர்களிடம் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறார். வெள்ளை வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

"அம்மா, இதை வெட்டாம உள்ளாற பாத்துச் சொல்லணும்" என்றார்.

டாக்டரம்மா ஒரு கன்றுக்குட்டியின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "செத்ததுக்கெல்லாம் நான் வைத்தியம் பாக்கிறதில்லப்பா" என்றார், திரும்பாமல்.

சவரிமுத்து விஷயத்தைச் சொன்னார். எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களைச் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா வீட்டில் மறுநாள் கல்யாணம். காலையில் மாதா கோயிலில் பூசை, மதியம் விருந்து. அந்த வீடுகளில் விருந்து என்றால் ஜிகோ வேண்டும். ஆட்டின் பின்னந்தொடையை முழுசாக, எலும்போடு, மிளகும் உப்பும் தடவி, ரொட்டிக்கடை அடுப்பில் சுட்டு எடுத்து, மேசைக்கு ஒன்றாக வைத்து, வீட்டுப் பெரியவர் எல்லோர் முன்னிலையிலும் சீவிச் சீவிப் பரிமாறுவார். வைக்கும்போது அதில் ஒரு கீறல் இருக்கக் கூடாது. கீறினால் சாறு இறங்கிவிடும் என்பார்கள். அது பாதிக் காரணம்தான். கீறின தொடையை வைத்தால் சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது மீதிக் காரணம்.

ஆறு ஆடு அறுத்து முடித்த பிறகு, அவற்றை நெடுங்காட்டுப் பக்கத்திலிருந்து ஓட்டிவந்த கிடைக்காரர் டீ குடித்துக்கொண்டே சாவகாசமாகச் சொல்லியிருக்கிறார்: "இதுல ஒரு ஆட்டுக்குப் போன மாசம் பின்னந்தொடைல தடுப்பூசி போட்டப்ப ஊசி ஒடஞ்சு உள்ளாறயே நின்னுடுச்சு. எந்த ஆடுன்னு சொல்லத் தெரியல. நொண்டவும் இல்ல பாருங்க."

அறுப்பதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்டால், "நீங்க கேக்கலியே" என்றாராம். இந்த வேலையில் எத்தனை கருவி வந்தாலும் இந்தப் பதிலுக்கு மருந்து கிடையாது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு விற்கிற கறி என்றால் கவலையில்லை. துண்டு துண்டாக வெட்டும்போது கத்தியில் ஊசி இடறும். இதுவோ முழுத் தொடை. அப்படியே மேசைக்குப் போகும். யாராவது ஒருவர் வாயில் போட்டு விழுங்கும் வரைக்கும் ஊசி இருப்பது தெரியாது.

"புதுசா வேற ஆடு புடிச்சுக்கயேன்" என்றார் டாக்டரம்மா.

"இன்னிக்கு எங்கம்மா புடிக்கிறது? சாயங்காலம் ரொட்டிக்கடை அடுப்புல ஏத்தியாவணும். இது தவறிச்சுன்னா இனிமே எந்த வீட்டு விசேஷத்துக்கும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. போன தடவ கடையத் தொறந்து நிமித்தவே ரெண்டு வருசம் ஆச்சு. உங்களுக்குத் தெரியாததா?"

எங்களுக்குத் தெரியும். சில வருஷங்களுக்கு முன்பு அவர் மனைவி பிலோமினாவுக்கு நெஞ்சில் நிழல் என்று சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு இது புரியாது, சொல்கிறேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் எக்ஸ்ரேயில் நிழல் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், டி.பி. வியாதியின் பெயரை வாயால் சொல்லப் பயந்து நிழல் என்றார்கள். கடைசியில் வியாதியைவிட அந்தச் சொல்லுக்குத்தான் அதிகம் பயந்தார்கள். பிலோமினா மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டுக் குணமாகிவிட்டார். ஆனாலும் அந்தக் கடைப் பக்கம் ரெண்டு வருஷம் ஈ கூட மொய்க்கவில்லை.

டாக்டரம்மா கன்றுக்குட்டியை விட்டுவிட்டுக் கையைக் கழுவினார். "எவன் தொண்டையிலயாவது ஊசி சிக்கினா எப்படியும் எக்ஸ்ரே எடுக்கத்தான் போறாங்க. ஆளுக்கு எடுக்கிறதைக் கறிக்கே எடுத்துடுவோம். பிலிம் எத்தன இருக்கு?"

ஏழு இருந்தது. ஒரு பிலிமில் இரண்டு தொடை என்று வைத்தால் ஆறில் முடியும். ஒன்று மிஞ்சும். காந்தத்தை வைத்துத் தேடியிருக்கலாமே என்று உங்களில் யாராவது இப்போது கை தூக்குவீர்கள். அந்த ஊசி துருப்பிடிக்காத எஃகு. காந்தம் அதை மதிக்காது. கையை இறக்குங்கள்.

வேலையை ஆரம்பித்தோம். ஒவ்வொரு தொடைக்கும் ஒரு எண் சீட்டுக் கட்டி, பிலிமிலும் அதே எண் விழும்படி வைத்து, பக்கவாட்டில் படுக்கவைத்து இரண்டிரண்டாக எடுத்தேன். பிலிம் கழுவும் மருந்து வெயிலுக்குச் சூடாகிக்கொண்டே இருந்தது. சவரிமுத்துவின் ஐஸில் கொஞ்சம் வாங்கித் தொட்டியைச் சுற்றிப் போட்டேன். கழுவிய பிலிம்களைப் பின்கட்டுக் கொடியில் வரிசையாகக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். இதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது.

அப்போதுதான் சுகாதார ஆய்வாளர் வந்தார்.

ஆடு மாடு ஆஸ்பத்திரிக்குள் கறி போகிறது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குள் போகிற கறி நோய்க் கறியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவராகவே தீர்மானித்துக்கொண்டு, கறி மேல் ஊற்றுவதற்கு ஒரு டின் பினாயிலையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பினாயில் ஊற்றிவிட்டால் பிறகு நாய்கூட அதைத் திங்காது. கெட்ட மனிதர் இல்லை. டி.பி. ஒழிப்பு வேலையில் பல வருஷம் இருந்தவர். வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுத்திருக்கிறார். டாக்டர்களின் தோளுக்குப் பின்னால் நின்று ஆயிரக்கணக்கான நெஞ்சுப் படங்களைப் பார்த்திருக்கிறார். அதில்தான் ஆபத்தே. தோளுக்குப் பின்னால் நின்று கற்றவர்களுக்குச் சந்தேகமே வராது.

கொடியில் தொங்கிய ஈரப் பிலிம் ஒன்றை, நான் "தொடாதீங்க சார்" என்று சொல்வதற்குள் கழற்றினார். நேரே முன் வராந்தாவுக்கு எடுத்துப் போய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வராந்தாவில் கோழியோடு ஒரு அம்மா, ஆட்டோடு இரண்டு பேர், எருமையோடு ஒரு குடும்பம்.

"நிழல் இருக்கே!" என்றார், உரக்க.

கோழியை வைத்திருந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

நான் ஓடிப் போய்ப் பிலிமை வாங்கினேன். அவர் காட்டிய இடத்தில், முட்டிக்குச் சற்று மேலே, எலும்பின் ஓரத்தில் பஞ்சு ஒட்டியதுபோல ஒரு வெளுப்பு இருந்தது. டாக்டரம்மா வந்து பார்த்தார்.

"இது பழைய அடிங்க. குட்டில எங்கயாவது விழுந்து எலும்பு லேசா பொடச்சிருக்கும். நெஞ்சே இல்லாத எடத்துல எங்கேர்ந்து டி.பி. வரும்? இது தொடைங்க, தொடை!"

"எலும்புலயும் வரும்மா. நான் பாத்திருக்கேன்."

"மனுசனுக்கு வரும். இந்த ஆறு ஆட்டோட ஈரல், நுரையீரல் எல்லாத்தையும் விடியக்காலமே அறுத்த எடத்துக்குப் போய் நான் பாத்தாச்சு. சுத்தமா இருக்கு. நீங்க மொதல்ல பிலிமைக் கீழ வைங்க, சொட்டுது."

டி.பி. இல்லை என்று டாக்டரம்மா சொன்னது சரி. ஆனால் சரியானதைச் சொல்லி முடிப்பதற்குள் எருமைக் குடும்பம் எழுந்து போய்விட்டது. அது கடைத்தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

மிச்சப் பிலிம்களும் காய்ந்தன. நானும் டாக்டரம்மாவும் ஆறையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தோம், பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தோம். ஊசி இல்லை. சவரிமுத்து எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லீங்களாம்மா? அப்ப எடுத்துட்டுப் போகலாங்களா?"

"தெரியலப்பா."

"படத்துல இல்லைன்னுதானே சொல்றீங்க?"

"படத்துல தெரியலன்னு சொல்றேன். இல்லங்கிறது வேற, தெரியலங்கிறது வேற."

இந்த வரியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்த வரி அவருக்குச் சுலபமாக வந்துவிடவில்லை. ஐஸ் கரைந்து வராந்தாவெல்லாம் ஓடுகிறது. வெயில் ஏறுகிறது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் ஊசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கறி கெட்டுவிடும். எதிரே நிற்கிற மனிதன் ஒரே ஒரு வார்த்தையைத்தான் கேட்கிறான், அந்த வார்த்தையைச் சொன்னால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். அப்படிப்பட்ட நேரத்தில் தெரியவில்லை என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். ஊசி முன்பே தானாக விழுந்திருக்கலாம், கிடைக்காரர் உளறியிருக்கலாம் என்றெல்லாம் நான் முணுமுணுத்தேன். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து சொல்தா ஐயா தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். பேத்தி கல்யாணத்துக்குப் புது ஷூ போட்டுப் பழகிக்கொண்டிருந்திருக்கிறார், அதோடு வந்துவிட்டார். அவருக்குப் பின்னாலேயே பிலோமினா. கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். தலை கலைந்திருந்தது.

"சவரி, உன் ஆட்டுக்கெல்லாம் டி.பி.யாமே? ரொட்டிக்கடைல என் காதுபடப் பேசறாங்க. அவன் அடுப்புல ஏத்த மாட்டேங்கிறான்" என்றார் சொல்தா ஐயா. குரலில் கோபத்தைவிடத் தவிப்புத்தான் அதிகம் இருந்தது. "பாரிஸ்லேர்ந்து சம்பந்தி வந்து எறங்கிட்டாங்கப்பா. நான் அவங்களுக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

பிலோமினா கணவரிடம்கூடப் பேசவில்லை. நேராக ஆய்வாளர் முன்னால் போய் நின்றார்.

"சார், கடைக்கு வந்த சனம் எட்டி நின்னு என்னைப் பாக்குது. அவளுக்கு இருந்துச்சே, அது ஆட்டுக்கும் ஒட்டிக்கிச்சுன்னு பேசிக்குது. என் காது கேக்கவே பேசுது. எனக்குச் சரியாப் போச்சுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"உனக்குச் சரியாப் போச்சும்மா. நான் உன்னப் பத்தி ஒண்ணும் சொல்லல. படத்துல நிழல் இருக்கு, இருக்குன்னேன். அவ்ளோதான்."

"அவ்ளோதானா?" என்றார் பிலோமினா.

அவ்வளவுதான். கறி கெடுவதற்கு முன்னால் ஒரு குடும்பத்தின் பெயர் இரண்டாம் தடவையாகக் கெட்டுக்கொண்டிருந்தது. செய்த மனிதர் பினாயில் டின்னைக் கையில் பிடித்தபடி, தான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்ற முழு நம்பிக்கையோடு நிற்கிறார். அவரை என்ன செய்வது? எனக்கு அந்த டின்னைப் பிடுங்கி அவர் தலையிலேயே கவிழ்க்கலாம் போல இருந்தது.

டாக்டரம்மா, "எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க" என்று ஒரு அதட்டல் போட்டார். எருமையும் போய்விட்டதால் முழு அமைதி.

அந்த அமைதியில் ஆய்வாளர்தான் மறுபடி வாயைத் திறந்தார். "நான் சொல்றதை யாரும் கேக்க மாட்டேங்கிறீங்க. நிழல்னு சந்தேகம் வந்தா நாங்க அத்தோட விட மாட்டோம். ஆளைத் திருப்பி நிறுத்தி, சைடுலேர்ந்து இன்னொரு படம் எடுப்போம். முன்னாடி எடுத்தா ஒண்ணு மேல ஒண்ணு மறைச்சிக்கும். நீங்க ஒரு பக்கந்தானே எடுத்திருக்கீங்க?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன்.

கிடைக்காரர்கள் தடுப்பூசிக்கு ஆட்டை எப்படிப் பிடிப்பார்கள் என்பது இருவருக்கும் தெரியும். இரண்டு கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்வார்கள், ஊசி தொடையின் வெளிப்பக்கத்திலிருந்து நேர் குறுக்காக இறங்கும். உடைந்ததென்றால் எலும்பில் இடித்துத்தான் உடைந்திருக்கும். நாங்களோ தொடையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, அதே வெளிப்பக்கத்திலிருந்தே படம் எடுத்திருக்கிறோம். ஊசி எங்களைப் பார்த்தபடி, முனை மட்டும் காட்டிக்கொண்டு நின்றிருந்தால்? எங்கள் கிழட்டு மெஷினில் எலும்பின் சுண்ணாம்பு வெளுப்புக்குள் ஒரு புள்ளி எப்படித் தெரியும்?

மிச்சம் இருந்தது ஒரே ஒரு பிலிம். நிமிர்த்தி நிறுத்தினால் ஒரு தொடைதான் எடுக்க முடியும். பன்னிரண்டில் எதை எடுப்பது?

டாக்டரம்மா கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, கசப்பு மருந்து குடிக்கிறவர் முகத்தோடு ஆய்வாளர் பக்கம் திரும்பினார். "நீங்க காட்டினது எந்தத் தொடை?"

அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. பிலிமில் விரலை நீட்டிக் காட்டினார்.

அந்தத் தொடையை நிமிர்த்தி, இரண்டு பக்கமும் செங்கல் முட்டுக்கொடுத்து நிறுத்தினேன். கரண்டு குறையாமல் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் வேண்டினேன், சவரிமுத்து அவருக்குத் தெரிந்த மாதாவை வேண்டினார். எடுத்தேன். கழுவினேன். காயும் வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. சொட்டச் சொட்ட வெளியே கொண்டுவந்தேன்.

எலும்பின் ஓரத்திலிருந்து சதைக்குள் நேராக நீட்டிக்கொண்டிருந்தது, ஒரு நகத்தின் அகலத்துக்கு, வெள்ளை வெளேரென்று ஒரு கோடு. அதைச் சுற்றிச் சதை கெட்டிப்பட்டு எலும்போடு ஒட்டியதுதான் முதல் படத்தில் பஞ்சாகத் தெரிந்திருக்கிறது.

"ஊசி" என்றார் சவரிமுத்து.

"நான் சொன்னேன்ல நிழல் இருக்குன்னு!" என்றார் ஆய்வாளர்.

டாக்டரம்மா அன்றைக்கு மாலை என்னிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். "அந்த ஆளு சொன்னது பூராவும் தப்பு. கை வெச்ச எடம் மட்டும் சரி. சொன்னது தப்புன்னு, கை வெச்ச எடத்தையும் சேத்து விட்டுடப் பாத்தோம்." உங்கள் திரைக்கு முன்னாலும் அப்படி ஒருவர் வந்து நிற்பார். அவர் வைக்கிற பெயரைக் கேட்டு எரிச்சல் படுங்கள், தாராளமாகப் படுங்கள். ஆனால் விரல் நீட்டிய இடத்தை இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு தரம் பார்த்துவிட்டு எரிச்சல் படுங்கள்.

டாக்டரம்மா அந்தத் தொடையைக் கீறி ஊசித்துண்டை வெளியே எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். டிங் என்று சத்தம் கேட்டது. உடைந்தது ஒரே ஊசி, அது கிடைத்துவிட்டது. மிச்சத் தொடைகளைப் பற்றி இனிச் சந்தேகம் இல்லை. சொல்தா ஐயாவிடம், "பதினொண்ணு நல்லாருக்குங்க. தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றார். அவர் மனதுக்குள் மேசைகளைக் கணக்குப் போட்டுப் பார்த்து, தன் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் மேசையில் ஜிகோ இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று முடிவு செய்தார். ரொட்டிக்கடைக்காரரிடம் தானே போய்ச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, பிரெஞ்சில் நன்றியாக டாக்டரம்மாவுக்கு ஒரு மெர்சி, எனக்கு ஒரு மெர்சி, பழக்க தோஷத்தில் ஆய்வாளருக்கும் ஒரு மெர்சி சொன்னார். ஆய்வாளர் அதை வாங்கிக்கொண்டார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் உங்களுக்கு இதை எழுதியிருக்க மாட்டேன். இரண்டு பக்கமும் படம் எடுங்கள் என்று ஒரு வரியில் சொல்லி முடித்திருப்பேன். அது உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கும்.

சவரிமுத்து தொடைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பிலோமினா மட்டும் அங்கிருந்து நகரவில்லை. என் கையில் இருந்த ஈரப் பிலிமையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அதை நான் பாக்கலாமா?"

கொடுத்தேன். பிடிக்கத் தெரியவில்லை. வெளிச்சத்துக்கு எதிராகப் பிடிக்க வேண்டும் என்று காட்டினேன். ஊசியைப் பார்த்தார். பிறகு முதலில் எடுத்த பிலிமையும் கேட்டார். எலும்பின் ஓரத்தில் அந்தப் பஞ்சுத் திட்டைக் காட்டினேன். விரல் நுனியால் அதைத் தொட்டார்.

"இதைத்தான் நிழல்னு சொன்னாரா?"

"ஆமாங்கம்மா."

"வெள்ளையால்ல இருக்கு?"

அத்தனை வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறேன், எனக்கே அது தோன்றியதில்லை. நாங்கள் நிழல் என்று சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் படத்தில் வெள்ளையாகத்தான் விழும்.

"எனக்கு எடுத்த படத்தை யாரும் எங்கிட்ட காட்டல தம்பி. நிழல்னு சொன்னாங்க. நெஞ்சு பூராவும் கருகருன்னு கெடக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். கண்ண மூடுனா அதான் வரும்." பிலிமை இறக்கிவிட்டு ஆய்வாளரிடம் திரும்பினார். "என்னுதும் இந்த மாதிரிதான் இருந்துச்சா சார்? இத்தினியூண்டு?"

ஆய்வாளர் டின்னைக் கை மாற்றினார். "கிட்டத்தட்ட... இதைவிடக் கொஞ்சம் பெருசு. ஆனா, ம்... இந்த மாதிரிதான்."

"இதுக்காய்யா ஒரு வருசம் என்னைத் தனித் தட்டுல சோறு திங்க வச்சீங்க? எம் புள்ளையத் தொட விடாம வச்சீங்க?"

மருந்து முறை, ஒட்டும் காலம் என்று அவர் ஏதோ விளக்க ஆரம்பித்தார். பாதியில் நின்றுவிட்டார். அதில் பாதிக்கு மேல் சரியான விளக்கமாகக்கூட இருந்திருக்கும். பிலோமினா அழவில்லை. அந்த முதல் பிலிமை என்னிடம் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அரசாங்கச் சொத்து, திருப்பித் தர வேண்டும் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். டாக்டரம்மா பின்னால் இருந்து என் காலை மிதித்தார்.

அன்றைக்கு மாலை கடைத்தெரு வழியாகப் போனேன். பிலோமினா கடையில் உட்கார்ந்திருந்தார். எட்டி நின்றவர்களை ஒவ்வொருவராகக் கிட்டே கூப்பிட்டு, அந்தப் பிலிமைக் கையில் கொடுத்து, எப்படிப் பிடிப்பதென்று காட்டிக்கொண்டிருந்தார். "வெளிச்சத்துப் பக்கம் புடிங்க. எங்கயாச்சும் நிழல் இருக்கா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க."